ஒலக்கூர் வெயிலில் செருப்பு ஆர்கிட்

போன் திரையில் இருந்தவர்கள்: என் மனைவி அமுதா. அவள் அண்ணன் ஏழுமலை. பச்சை வலைக்கு அடியில் எட்டுத் தொட்டிகள். இந்தப் பக்கம் நான் மட்டும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. அங்கே ஒலக்கூரில் ஏழுமலை துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு சீனரின் நர்சரியில் ஒன்பது வருடமாக ஸ்லிப்பர் ஆர்கிட் வளர்க்கிறேன். பூவின் கீழிதழ் செருப்பு முனைபோல் பையாக இருக்கும். போன லீவில் பெங்களூரிலிருந்து பன்னிரண்டு செடி வாங்கி வீட்டில் வைத்தேன். கோடை தாண்டி எட்டு நின்றால் ஊருக்கே வந்துவிடுவேன், விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் செடிக்கடை போடுவேன் என்று அமுதாவிடம் சொன்னேன். குறைந்தால் இங்கே இன்னும் மூன்று வருட வேலைக்கு ஒப்பந்தக் கையெழுத்து. சித்திரையிலேயே நான்கு போய்விட்டன. கையெழுத்துக் காகிதத்தை நாளை கொடுக்க வேண்டும்.

"செருப்புப் பூவ எவ மாப்ள தலையில வெச்சிக்கினு போவா?" என்றார் ஏழுமலை.

"நீ சும்மா இருண்ணா. அவரு பாக்கட்டும்" என்றாள் அமுதா.

முதல் தொட்டியில் இலை நுனிகள் கருகியிருந்தன. போர் தண்ணீரின் உப்பு. தப்பு என்னுடையது. இங்கே மழைத் தண்ணீர், நிறைய ஊற்றலாம். அங்கேயும் அதையே சொல்லிவிட்டேன். இனி மழைத் தண்ணீர், இல்லாவிட்டால் கேன் தண்ணீர் என்றேன். இன்னொன்றில் நடுக்குருத்து கையோடு வந்தது. தலையில் ஊற்றிய தண்ணீர் இலையிடுக்கில் தங்கி அழுகியிருக்கிறது. பக்கக் கன்று நன்றாக இருந்தது. அழுகலைக் கிள்ளிவிட்டுப் பட்டைத் தூள் வைக்கச் சொன்னேன்.

"பிரியாணிக்குப் போடறதா?" என்றாள் அமுதா.

"அதேதான்."

கடைசித் தொட்டியில் இலைகள் துவண்டிருந்தன. தாகம் என்று நினைத்துத் தினமும் ஊற்றியிருக்கிறாள். மரப்பட்டைத் துண்டு தீர்ந்ததும் மல்லாட்டைத் தோலை, அதாவது வேர்க்கடலை ஓட்டை, நிரப்பியிருக்கிறாள். அது ஊறிச் சொதசொதவென்று ஆகிவிட்டது.

நேற்று இந்தச் செடியின் படத்தை முதலாளியிடம் காட்டினேன். "புவாங் லா. சினி பான்யாக்" என்றார். வீசு, இங்கே நிறைய இருக்கிறது. எனக்குச் செடி வேண்டும் என்று நினைத்து ஒரு தொட்டியைக் கையில் கொடுத்தார். இங்குள்ள செடி அந்த எட்டுக் கணக்கில் சேராது என்பதை மலாயில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

"கவுத்து, வேரை அமுக்கிப் பாரு. பழுப்பா இருந்தா பரவால்ல. கெட்டியா இருந்தா உசிரு இருக்குது" என்றேன்.

அமுக்கினாள். தோல் உருவிக்கொண்டு வந்தது. உள்ளே நூல்தான். அடுத்த வேரை அமுக்கினாள். அதுவும் அப்படியே. மிச்சமிருந்ததும்.

"ஈரமா இருக்குதுல்ல, அதான் வழுக்குது."

ஏழுமலை விசிறுவதை நிறுத்தினார்.

அவள் செடியைத் திரும்பத் தொட்டியில் வைத்து அழுத்தி, மற்றவற்றோடு வரிசையில் நிறுத்தி, கையைப் புடவையில் துடைத்தாள்.

"எட்டு இருக்குது, எண்ணிக்கோங்க. எப்ப வர்றீங்க?"

காகிதம் என் முழங்காலில் இருந்தது. எண்ணினேன்.

ஏழு.