வட்டக்கச்சியில் இரண்டு நெருப்பு

பகல் ஒரு மணிக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினோம், அப்பாவும் நானும். பரந்தனுக்கு முப்பத்தாறு மைல், ஆளுக்கு ஒன்றரை ரூபாய். ஐம்பதுகளின் கடைசி, ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. உண்மையில் முதல் நாளே போயிருக்க வேண்டும். வியாழன் வருகிறோம் என்று அக்காவுக்குக் கடிதம் எழுதியவன் நான். வியாழனில் தெற்கே சூலம், அந்தப் பக்கம் பயணம் ஆகாது என்பது அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கரான என் மண்டையில் ஏறவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியாரான அப்பா, புறப்படும் நேரத்தில் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, உடுத்திருந்த வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

அவரைக் கிளப்பியதே பெரும்பாடு. அத்தான் குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி எடுத்து அக்காவை வன்னிக்கு அழைத்துப்போனபோது, "காட்டுக்குப் போறவளின்ர வீட்டில நான் கை நனைக்கமாட்டன்" என்றவர், மூன்று வருடமாக அந்தச் சொல்லை விடவில்லை. "எப்பிடியாவது அங்க ஒரு வாய் சாப்பிட வைச்சுக் கூட்டிக்கொண்டு வா, ராசா" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்.

ஆனையிறவு தாண்டியதும் அப்பா கொண்டக்டரிடம் வாயைத் திறந்தார்.

"தம்பி, நாளைக்கு விடியத் திரும்பிற பஸ் எத்தினை மணிக்கு?"

"அஞ்சரைக்கு, ஐயா. இன்னும் போய்ச் சேரேல்ல, அதுக்குள்ள திரும்பிறதைக் கேக்கிறியள்" என்று கொண்டக்டர் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றரைக்குப் பரந்தன். அங்கிருந்து வட்டக்கச்சிக்கு மாட்டு வண்டியில் ஐந்து மைல். ஆறு மணியாகும்போது அக்காவின் வேலிப் படலையில் இறங்கினோம். தென்மேற்குச் சோளகக் காற்று முதலில் கொண்டுவந்து தந்தது இறைச்சி வாட்டும் மணத்தை.

எங்கள் வீடுகளில் இறைச்சிக்குக் குசினியில் இடமில்லை, முற்றத்தில்தான் அடுப்பு. அத்தான் பாலை மரத்தடியில் நெருப்பு மூட்டி, மிளகும் உப்பும் தடவிய மான் இறைச்சியைப் பச்சைத் தடிகளில் குத்தி வாட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா படலைக்கு வெளியிலேயே நின்று சால்வையால் மூக்கைப் பொத்தினார். "இண்டைக்கு வெள்ளி" என்றார்.

அத்தான் விறைத்துப்போனார். "ஐயோ மாமா, இஞ்ச நாங்கள் வாய்க்கால் தண்ணி வாற முறையை வைச்சுத்தான் கிழமை எண்ணுறது. வெள்ளியெண்டு நினைக்கேல்ல."

வண்டிக்காரன் இன்னும் திரும்பவில்லை. அப்பா அவனைத் திரும்பிப் பார்த்ததும் நான் பெட்டியை அவசரமாகப் படலைக்கு உள்ளே வைத்தேன்.

அக்கா கெஞ்சவில்லை. இறைச்சியைத் தடியோடு அள்ளி அத்தானிடம் கொடுத்து வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறம் அனுப்பினாள். கிணற்றில் அள்ளித் தலையில் வார்த்தாள். ஈரச் சேலையோடு முற்றத்தின் மற்றப் பக்கம், காற்று வரும் திசையில், புதுக் கல் மூன்று வைத்து இரண்டாவது நெருப்பை மூட்டினாள். விறகு பற்றவில்லை. புகையில் இருமினாள், கண்ணைத் துடைத்தாள், திரும்பவும் குனிந்து ஊதினாள்.

"உப்பிடி ஊதினா விடியுமட்டும் பத்தாது" என்று சொல்லியபடி அப்பா உள்ளே வந்தார். சால்வையை மூக்கிலிருந்து எடுத்து அதனாலேயே விசிறத் தொடங்கினார்.

ஏழு மணிக்குச் சாப்பாடு. தணலில் புதைத்துச் சுட்ட மரவள்ளிக் கிழங்கு, சோளன் பொத்தி, சுட்ட கத்தரிக்காயில் தேங்காய்ப்பாலும் தேசிக்காய்ப் புளியும் விட்ட சம்பல், அக்காவின் வயல் நெல்லுச் சோறு. முற்றத்துப் பாயில் சுற்றியிருந்து சாப்பிட்டோம். அப்பா இரண்டாம் தரம் சம்பல் கேட்டபோது அக்கா சட்டியோடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். எத்தனையோ கலியாணப் பந்தியில் இருந்திருக்கிறேன். அந்தப் பாய்க்கு ஈடாக ஒன்றும் இல்லை. இப்போதும் எங்காவது கத்தரிக்காய் சுடும் மணம் வந்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன்.

கை கழுவியபின் அப்பா கோடிப்புறம் பார்த்துக் கேட்டார்.

"அந்த இறைச்சி நாளைக்குப் பழுதாப்போமோ?"

"தேனுக்குள்ள போட்டு வைச்சா மாசக்கணக்காக் கிடக்கும், மாமா."

"அவ்வளவு நாள் நிக்கேலாது. ஒரு கிழமை நிக்கிறன்" என்றார் அப்பா. பிறகு என்னிடம், "நீ முதல் பஸ்ஸில போ. கொம்மா பார்த்துக்கொண்டிருப்பா."

மறுநாள் காலை ஒன்பதரைக்கு வீட்டுப் படலையைத் திறந்தேன். அம்மா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று.

"அப்பா எங்க? கோவிச்சுக்கொண்டு இடையில இறங்கிட்டாரோ?"

"இல்லை அம்மா. அக்கா வீட்டில நிக்கிறார். வாற கிழமைதான் வருவார்."

அம்மா குசினிக்குள் போய், உலையில் போட அளந்து வைத்திருந்த அரிசியிலிருந்து ஓர் ஆளுக்கானதை அள்ளித் திரும்ப அரிசிப் பானைக்குள் கொட்டினார். கொட்டிவிட்டு, அந்தப் பானையைப் பிடித்தபடி அழுதுகொண்டே சிரித்தார்.