இரண்டாம் தரம் பூசிய நாமக்கட்டி

ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஒருவர் போன மாதம் என் மெக்கானிக் ஷெட்டுக்கு என்னைத் தேடி வந்தார். பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறாராம். அதன் எஞ்சினுக்கு டர்போ வைக்கப் போகிறாராம். எந்த சிலிண்டர் ஹெட் போடலாம் என்று கேட்டார். பொழுது போகாதவர்கள் செய்கிற வேலை. இருந்தாலும் சொன்னேன். ஹெட் என்பது எஞ்சினின் மேல்மூடி. டர்போ காற்றை அமுக்கித் திணிக்கும். அதைத் தாங்க, உள்ளே இடம் தாராளமாக உள்ள, கனத்த, பழைய மாடல் ஹெட்தான் சரி. பிந்திய மாடல் ஹெட்டில் அழுத்தம் ஏற்கெனவே அதிகம். அதைப் போட்டால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

"பழைய ஹெட் இப்ப எங்க கிடைக்கும் பாய்?" என்றார்.

என் ஷெட் மூலையில் சாக்குக்குள் ஒன்று கிடக்கிறது. அது அய்யம்பேட்டைக்காரர் ஒருவருடையது.

எழுபதுகளின் தொடக்கம். அவர் கழனியை விற்றுப் பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் கல்யாணம் என்றால் பெண்ணை அழைத்துப் போக அவர் வண்டியைத்தான் கூப்பிடுவார்கள். வேகமாக ஓட்டமாட்டார். ஆனால் வழியில் நின்றது கிடையாது. வண்டியை எடுக்குமுன் ரேடியேட்டரைத் திறந்து விரலை விட்டுத் தண்ணீர் பார்ப்பார். பின்னால் ஒரு பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் எப்போதும் இருக்கும். ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும். ஆனால் அதற்காகத்தான் அவரைக் கூப்பிடும்.

வண்டி இழுவை குறைந்துவிட்டது என்று என்னிடம் விட்டார். ஹெட்டைக் கழற்றினேன். வால்வு உட்காரும் இடங்கள் தேய்ந்திருந்தன. மற்றபடி நல்ல இரும்பு. நான்கு நாள் வேலை பார்த்தால் அதையே திரும்பப் போட்டிருக்கலாம்.

எனக்கு அது போதவில்லை. மெட்ராஸ் போய்ப் புதுப்பேட்டையில் பிந்திய மாடல் ஹெட் ஒன்றை வாங்கி வந்தேன். வால்வு பெரிது, அழுத்தம் அதிகம், போல்ட் ஓட்டைகள் அப்படியே பொருந்தின. காஞ்சிபுரத்தில் எவனும் செய்யாததைச் செய்துகாட்ட வேண்டும் என்ற திமிர்.

"இது கல்யாண வண்டி பாய். ரேசுக்கா அனுப்பப் போற?" என்றார் அவர்.

"போட்டுப் பாருண்ணா. பஸ்காரனெல்லாம் உனக்கு வழி விடுவான்."

"பொண்ணு பயந்து எறங்கிடப் போவுது பா." சிரித்தார். பிறகு, "பழைய ஹெட்ட மட்டும் பத்திரமா வையி. என் கழனில பாதி அதுக்குள்ள இருக்குது" என்றார்.

பழைய சாமான் கடையில் வாங்கிய ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அப்போது எங்களுக்கு ஒரே வழிதான். சந்தேகப்பட்ட இடத்தில் மண்ணெண்ணெயை ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, மேலே நாமக்கட்டியைக் குழைத்துப் பூசி ஒரு ராத்திரி காயவிட வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் கறுப்புக் கோடாகத் தெரியும். சின்ன காஞ்சிபுரத்துக் கடையில் நாமக்கட்டி வாங்கப் போனால், "இன்னா பாய், இந்தத் தடவ யாருக்கு நாமம்?" என்று கடைக்காரர் கேட்காமல் தரமாட்டார்.

காலையில் பார்த்தேன். வால்வுக்கும் பிளக் ஓட்டைக்கும் நடுவில் பட்டு இழை போல ஒரு கோடு.

ஹெட்டைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மண்ணெண்ணெய் தொடாமலே இன்னொரு தரம் நாமக்கட்டி பூசினேன். அரை மணி நேரம் பார்த்தேன். கோடு வரவில்லை. எப்படி வரும்? வராது என்று தெரிந்துதான் பூசினேன்.

அவர் வந்தார். "கோடு எதனா வந்துதா பாய்?"

"நீயே பாருண்ணா."

குனிந்து பார்த்தார். அந்த வெள்ளையை விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். "மண்ணெண்ண வாசனயே இல்ல" என்றார். நான் ஸ்பானரை எடுத்தேன்.

இரண்டு மாதம் வண்டி பறந்தது. மூன்றாவது மாதம், உத்திரமேரூரில் முகூர்த்தம். பெண்ணை ஏற்றிக்கொண்டு விடியலில் போனவர், ஏரிக்கரை மேல் ஆவி அடித்து நின்றுவிட்டார். குடத்துத் தண்ணீர் முழுவதும் ஊற்றியும் ஆவி நிற்கவில்லை. பட்டுப்புடவையும் மாலையுமாகப் பெண் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். முகூர்த்தம் தப்பிப்போய், எமகண்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவசரமாகத் தாலி கட்டினார்கள்.

மறுநாள் வண்டியைக் கயிறு கட்டி என் ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள்; வண்டிக்காரரும் கூட வந்தார். ஹெட்டைத் திறந்தேன். கோடு ஒரு விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது; தண்ணீரெல்லாம் அது வழியேதான் போயிருக்கிறது. பெண்ணின் அப்பா வாசலில் வந்து நின்றார். பின்னால் சொந்தக்காரர்கள் நாலு பேர். நான் கிரீஸ் துணியை எடுத்து ஹெட்மேல் போட்டேன்.

"வண்டி மேல தப்பா, இந்த ஆளு மேல தப்பா? அத்த மட்டும் சொல்லு பாய்."

"தண்ணி இல்லாம ஓடியிருக்குது. பாத்து ஓட்டியிருக்கணும்" என்றேன்.

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தத் துணியைப் பார்த்தார். கை நீட்டி அதை எடுத்திருந்தால் போதும். எடுக்கவில்லை. "அப்படியா பாய்" என்றார். அவ்வளவுதான்.

"கொடம் கொடமா தண்ணி வச்சிக்கினு ஊர ஏமாத்தினியாடா?" என்று பெண்ணின் அப்பா அவர்மேல் பாய்ந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், 'டா' என்பதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நானும் நின்றேன்.

அதன் பிறகு யாரும் அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. நின்ற இடத்திலேயே வண்டியை விற்றுவிட்டு, வாலாஜாபாத் பக்கம் ஒருவரிடம் லாரி ஓட்டப் போனார். பழைய ஹெட்டை எடுத்துப் போகச் சொல்லி ஆள் அனுப்பினேன். வரவில்லை. ஒரு தடவை நானே அய்யம்பேட்டைக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். டீ கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினோம். எழுந்து வந்துவிட்டேன். இப்போது அவர் இல்லை.

பேங்க்காரர் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தவர் அந்தச் சாக்கை அவிழ்த்துவிட்டார். "இதுதானே நீங்க சொன்ன ஹெட்? எவ்வளவு வேணும், சொல்லுங்க" என்றார். அவர் எஞ்சினுக்கு அளவெடுத்துச் செய்தது போலத்தான் இருந்தது.

"கைய எடுய்யா!" என்று கத்திவிட்டேன்.

அவர் பயந்து விலகினார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் தப்பில்லை. நான்தான் மறுபடியும் சாக்கைச் சுற்றி மூடி வைத்தேன்.