குண்டு விழாத பீப்பா

நான் வேலை செய்த கொட்டகையில் இருந்த இயந்திரத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. நாங்கள் பெண்கள் நாலு பேரும் அதைப் பீப்பா என்றுதான் சொல்லுவோம். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். என் நெஞ்சு உயரத்துக்கு, படுக்க வைத்த இரும்புப் பீப்பா. அதன் வயிற்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இரும்புக் குண்டுகள் கிடந்தன. சில தேசிக்காய்போலச் சின்னது, சில தோடம்பழம்போலப் பெரியது. எஞ்சின் பெல்ற்றை இழுக்க, பீப்பா சுழலும். குண்டுகள் சுவரோடு சேர்ந்து மேலே ஏறி, ஓர் உயரத்துக்கு வந்ததும் பிடிவிட்டு, கீழே கிடக்கிற குண்டுகளின் மேல் உருண்டு விழும். இடையில் அகப்படுகிற மண் நொறுங்கி மாவாகும். அதன் வித்தை அவ்வளவுதான். விழுந்தால் அரையும், விழாவிட்டால் அரையாது.

அப்போது ஐம்பதுகளின் கடைசி. முல்லைத்தீவுக்குத் தெற்கே எங்கள் கரையில் கறுப்பு மண் கிடக்கிறது. மத்தியான வெயிலில் அதில் வெறுங்கால் வைக்க ஏலாது. அந்தக் கறுப்பு மண்ணிலிருந்து வெள்ளைப் பெயின்ற்றுக்கு வேண்டிய தூள் எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டு கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நாங்கள் முதலில் நம்பவில்லை. அமிலத்தில் கரைப்பதற்கு முன்னால் மண்ணை மாவாக்க வேண்டுமாம். எவ்வளவு நைசாக அரைபடும் என்று பார்க்கத்தான் அந்தக் கொட்டகை. ஒரு மேற்பார்வையாளர், யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மெக்கானிக், நாங்கள் நாலு பேர். எனக்கு இருபது வயது. எங்கள் வீடு மீன்பிடிக்கிற வீடு. கன்னியாஸ்திரிமாரிடம் எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தபடியால் கொப்பியில் எழுதுகிற வேலையும் என்னிடம் வந்தது.

மண்ணைச் சூடான தகரத்தில் பரப்பிக் காயவைப்போம். ஈரம் இருந்தால் குண்டிலும் சுவரிலும் அப்பிக்கொண்டு ஒன்றும் அரையாது. காய்ந்ததைப் பனையோலைக் கடகத்தில் சுமந்து கொண்டுபோய் மெக்கானிக்கிடம் கொடுப்போம். அவர் பீப்பாவுக்குப் போடுவார். மறுபக்கத்தால் வருகிற மாவில் கொஞ்சம் எடுத்து அரிதட்டில் அரிப்போம். அரிதட்டில் தங்குகிற கப்பியை நிறுத்து எவ்வளவு என்று நான் எழுதுவேன். கப்பி குறைந்தால் அரைப்பு நல்லது. பீப்பாவுக்குக் கிட்டப் பெண்கள் போகக்கூடாது என்பது மேற்பார்வையாளரின் சட்டம்.

போகத்தான் கூடாது. கேட்கலாம். ஒரு மாதத்துக்குள் சத்தத்தை வைத்தே பீப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கத் தொடங்கியது. மண் போதாவிட்டால் குண்டோடு குண்டு மோதிக் காதைக் கிழிக்கும். அளவாக இருந்தால் சத்தம் தடித்து, தகரக் கூரையில் பெருமழை பெய்வது போலிருக்கும். கூடிவிட்டால் தலையணைக்குள் குத்துவதுபோல அமுங்கிப்போகும்.

"அண்ணை, மண் கூடிப்போச்சு. கொஞ்சம் பொறுத்துப் போடுங்கோ" என்று தூரத்தில் நின்றே சொல்லுவேன். மெக்கானிக் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்காமல் பொறுத்துப் போட்டார்.

அந்த வருசம் மாரி முடிந்த கையோடு, கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வந்து பார்க்கப் போவதாகச் செய்தி வந்தது. ஒரு நாளைக்கு அரைபடுகிற மண்ணின் அளவைக் கூட்டிக் காட்ட வேண்டும் என்று மேற்பார்வையாளருக்கு ஆசை. எஞ்சினில் பெல்ற் ஓடுகிற சில்லைக் கழற்றிப் பெரிய சில்லு போடச் சொன்னார். மெக்கானிக் ஏதோ மெல்லச் சொன்னார். மேற்பார்வையாளர் கையை வீசினார். மெக்கானிக் வாயை மூடிக்கொண்டு சில்லை மாற்றினார்.

பீப்பா வேகமாகச் சுழன்றது. சில கணம் பயங்கரமான சத்தம். பிறகு, வேகம் ஏற ஏற, சத்தம் இறங்கி வண்டு ரீங்கரிப்பது போலானது.

"பாத்தியளே, எவ்வளவு அமைதியா ஓடுது!" என்று மேற்பார்வையாளர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று அரிதட்டில் பாதிக்குப் பாதி கப்பி. மறுநாளும் அப்படித்தான். கொப்பியைப் பார்த்த மேற்பார்வையாளருக்கு முகம் சிவந்தது.

"கதைச்சுக் கதைச்சு அரிக்கிறியள். ஒழுங்கா அரியுங்கோ."

அவர் கண்முன்னே வாய் திறக்காமல் அரித்தோம். அதே கப்பி. அப்படியானால் நாங்கள் அரைக்காத மண்ணை மாவுக்குள் கலக்கிறோம் என்றார். "சில்லு மாத்தினதுக்குப் பிறகுதான் ஐயா இப்பிடி" என்று சொன்னேன். "உனக்கு எழுதத்தான் வேலை, எஞ்சினைப் பற்றிக் கதைக்க இல்லை" என்றார்.

கொழும்புக்கு அனுப்பின மாவு கரடாக இருக்கிறது என்று அங்கிருந்து முறைப்பாடு வந்தது. அடுத்த நாள் மேற்பார்வையாளரின் மேசையில் ஆங்கிலத்தில் ரைப் பண்ணின ஒரு கடிதமும் மைப்பெட்டியும் இருந்தன. எங்கள் நாலு பேரையும் வரிசையில் நிற்க வைத்து விரலை வைக்கச் சொன்னார். முதலாவது, வற்றாப்பளைப் பக்கத்திலிருந்து வருகிற அக்கா. புருசன் இல்லாத மனுசி, இரண்டு பிள்ளைகள். அவா பெருவிரலை மையில் தோய்த்துவிட்டா. நான் எட்டிக் கடிதத்தைப் பார்த்தேன். என் ஆங்கிலம் பெரிய ஆங்கிலம் இல்லை. ஆனால் அதற்குப் போதும்.

"அக்கா, வைக்காதைங்கோ. நாங்கள் வேணுமெண்டு மண் கலந்தம் எண்டு எழுதியிருக்கு."

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். "முதலிலை நீ வை."

"எனக்குக் கையெழுத்தே வைக்கத் தெரியும் ஐயா. ஆனா உதிலை வைக்கமாட்டன்."

"வைக்காட்டி வேலை இல்லை."

"செய்யாததைச் செய்தனான் எண்டு சொல்லி எனக்கு வேலை வேண்டாம்."

அக்கா மைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தா. மற்ற இருவரும் கைகளைக் கட்டிக்கொண்டார்கள். விரல் வைக்கப் பெரிய ஆட்கள் வருகிற நாள் வரைக்கும் தவணை தந்து, எங்களை வேலையைப் பார்க்கப் போகச் சொன்னார்.

வீட்டில் அம்மா அழுதா. "ஒரு கையெழுத்துத்தானே பிள்ளை, வைச்சிட்டு வாவன்." அப்பாவை நாங்கள் அப்பு என்றுதான் கூப்பிடுவோம். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் ஒன்றுதான் கேட்டார். "பிழை சில்லிலதான் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"சத்தம் மாறிப்போச்சு அப்பு."

"சத்தத்தை ஆருக்குக் காட்டுவாய்?"

கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. மறுநாள் பீப்பா நின்ற நேரத்தில் மெக்கானிக்கிடம் சொல்லி அதன் முதுகில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு போடுவித்தேன். அது ஓடத் தொடங்கியதும், கோடு மேலே வருகிற தடவைகளைச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். முன்பு, எனக்கு வேலை குறைந்த ஒரு நேரத்தில், விளையாட்டாக அதன் மூடி சுற்றி வருவதை எண்ணியிருக்கிறேன். நிமிசத்துக்கு இருபத்தெட்டு. இப்போது நாற்பத்திரண்டு. வேகம் கூடினால் கூடுதலாக அரைய வேண்டும் அல்லவா? ஏன் குறைகிறது?

வீட்டுக் கிணற்றடியில்தான் விளங்கியது. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தண்ணீர் வாளியைத் தலைக்கு மேலால் சுழற்றி விளையாடுவோம். வேகமாகச் சுழற்றினால், வாளி தலைகீழாக நிற்கிறபோதும் ஒரு சொட்டு விழாது. மெல்லச் சுழற்றினால் தலையிலேயே கொட்டும்.

ஓடிப்போய் அப்புவின் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு சின்னத் தகரப் பெட்டிக்குள் புளியங்கொட்டை போட்டு மூடி, பின்சில்லின் கம்பிகளுக்கு நடுவில் செருகி வலைநூலால் இறுக்கினேன். பெடலை மெல்லச் சுற்றினேன். சில்லு சுற்றுகிற ஒவ்வொரு தடவையும் கொட்டைகள் தகரத்தில் கடகடவென்று விழுந்தன. வேகமாகச் சுற்றினேன். சத்தம் நின்றுபோனது. கொட்டைகள் உள்ளேதான் இருந்தன. வெளிச்சுவரோடு ஒட்டிக்கொண்டு, விழாமல், சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.

அப்பு வலையைப் போட்டுவிட்டு எழும்பி வந்தார். தானும் பெடலைச் சுற்றிப் பார்த்தார். மெல்ல, வேகமாக, மறுபடியும் மெல்ல. "சைக்கிளைக் கொண்டு போ" என்றார்.

கொழும்பு ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் இரசாயனம் படித்தவர். கண்ணாடி போட்ட சிங்களவர், தமிழ் கொஞ்சம் தெரியும். அறைக்குள் மேற்பார்வையாளர் எங்களைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது வெளியே கேட்டது. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போய், பீப்பாவுக்குப் பக்கத்திலேயே அதைக் கவிழ்த்து வைத்தேன்.

மேற்பார்வையாளர் பாய்ந்து வந்தார். "என்ன விளையாட்டு இது? வெளியில போ!"

"காட்டிப்போட்டுப் போறன்."

"போ எண்டு சொன்னனான்!"

"காட்டாமப் போகமாட்டன்."

கண்ணாடிக்காரர் பின்னால் வந்து நின்றார். "காட்டுங்கோ" என்றார்.

நான் மெக்கானிக்கைப் பார்த்து, "அண்ணை, பெடலைச் சுத்துங்கோ" என்றேன். அவர் அசையவில்லை. அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். அப்போது அக்கா வந்தா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து பெடலைச் சுற்றினா. கடகட, கடகட. "இனி வேகமா அக்கா." சத்தம் நின்றது.

"ஐயா, கொட்டை எங்க போச்சுது? உள்ளுக்குத்தான் இருக்கு. விழேல்லை. பீப்பாவுக்குள்ளையும் உதுதான் நடக்குது. குண்டு விழாட்டி மண் எப்பிடி அரைபடும்?"

கண்ணாடிக்காரர் சுழன்றுகொண்டிருந்த பீப்பாவுக்குக் கிட்டப் போய்த் தலையைச் சரித்துக் கேட்டார். கைமணிக்கூட்டைப் பார்த்துச் சோக்குக் கோட்டை எண்ணினார். பிறகு மெக்கானிக்கிடம், சில்லை மாற்றியது யார் என்று கேட்டார்.

மெக்கானிக் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "மாத்தினது நான்தான்" என்றார். "வேண்டாம் எண்டும் சொன்னனான். ஐயாதான் மாத்தச் சொன்னவர்."

பழைய சில்லைப் போட இரண்டு மணித்தியாலம் எடுத்தது. எஞ்சின் திரும்பவும் ஓடத் தொடங்கியபோது பெருமழைச் சத்தம் கொட்டகையை நிறைத்தது. பின்னேரம் கண்ணாடிக்காரர் தன் கையாலேயே மாவை அரித்தார். அரிதட்டில் ஒரு சிட்டிகை கப்பி. எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கதை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டாம் நாள் மேற்பார்வையாளர் வேறொரு கடிதம் நீட்டினார். இம்முறை தமிழில். தடைசெய்த இடத்துக்குள் போனதற்கும் மேலதிகாரியை எதிர்த்துக் கதைத்ததற்கும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். நான் பேனையை வாங்கி அதன் கீழே எழுதினேன்: "போனது உண்மை. கதைத்தது உண்மை. மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை." இம்முறை கையெழுத்தும் வைத்தேன்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். அடுத்த நாள் காலை மற்ற மூன்று பேரும் வந்து, கொட்டகை வாசற் படலைக்கு வெளியே பனை நிழலில் குந்தியிருந்தார்களாம். மண்ணைக் காயவைக்க ஆள் இல்லை. ஈர மண்ணை அரைக்க ஏலாது. மூன்று நாள் பீப்பா சும்மா கிடந்தது. நாலாம் நாள் மெக்கானிக் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்து, "உன்னை வரட்டாம்" என்றார்.

"பீப்பாவுக்கு மண் போடுற வேலை தந்தா வாறன். இல்லாட்டி இல்லை."

"தங்கச்சி, பொம்பிளையளுக்கு அந்த வேலை குடுக்கமாட்டினம்."

"அப்ப நான் வரேல்லை எண்டு சொல்லுங்கோ."

அம்மா தலையில் கைவைத்தா. மெக்கானிக் போனார். மறுநாள் திரும்பி வந்து, படலைக்கு வெளியே நின்றபடியே, "ஓமாம்" என்று மட்டும் சொன்னார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

எட்டு மாதம் அந்தப் பீப்பாவுக்கு நான் மண் போட்டேன். மேற்பார்வையாளர் என்னோடு கதைக்கவே இல்லை. வேண்டியதை மெக்கானிக்கிடம் சொல்லி அனுப்புவார். நானும் பதிலை அப்படியே சொல்லி அனுப்புவேன். அரைத்துப் பார்க்கிற பரீட்சை முடிந்ததும், தொழிற்சாலை வேறிடத்தில் வரும் என்று சொல்லி எல்லாவற்றையும் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு வவுனியாவில் ஓர் அரிசி மில்லில் இயந்திரம் ஓட்ட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். பெண்களை எடுப்பதில்லை என்று பதில் வந்தது. எனக்கு என்ன தெரியும் என்பதை இரண்டு பக்கத்துக்கு விரித்து மறுபடியும் எழுதினேன். பதிலே வரவில்லை. மூன்றாம் தடவை எழுதியபோது, வந்து ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். நான் அடுத்த பஸ்ஸிலேயே போனேன்.