சாவியை நோக்கி நீண்ட கை

சென்ற ஆண்டு, ஐப்பசி மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், கண்டி மருத்துவமனையிலிருந்து அப்பாவை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது மட்டுமே அப்பாவின் வேண்டுதல்.

எங்கள் வீடு பன்விலவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் உச்சியில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறது. மழை நாளில் அந்தச் சேற்று ஏற்றத்தில் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுத்தால்தான் வண்டி ஏறும். அப்பாவின் கெப், பின்னால் சரக்குத் தட்டுள்ள சிறு வண்டி, அப்படிப்பட்டது. அதுவரை அதை வேறு யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. அன்று சித்தப்பா ஓட்டினார்; அப்பா பக்கத்து ஆசனத்தில் சாய்ந்து கிடந்தார்.

வத்தேகமவை அடையுமுன் எச்சரிக்கை விளக்கு மின்னியது. நான்கு சக்கர இயக்கம் நின்றுபோயிருந்தது. வழியோரக் கராஜில் நிறுத்தினோம். அலவத்துகொடக்காரரான மெக்கானிக் மடிக்கணினியை இணைத்துப் பார்த்தார். அந்த இயக்கத்தை ஆளும் மின்னணுப் பெட்டியின் நிரல் குழம்பிவிட்டது, மறுபடி ஏற்ற வேண்டும் என்றார். அப்பாவையோ இறக்க முடியாது; தொட்டாலே முனகினார்.

"வாப்பா உள்ளுக்கே ஈக்கட்டும் தங்கச்சி. ஆனா முடியிற வரைக்கும் சாவிய மட்டும் ஓஃப் பண்ண வாணாம். பாதியில கரண்ட் நின்டா அந்தப் பெட்டி செத்துரும். பொறகு வண்டி மேல ஏறாது."

சித்தப்பா இறங்கி, பெட்டரியில் மாட்டிய சார்ஜர் வயர் நழுவாமல் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்தேன்.

எஞ்சின் ஓடாதபோது சாவி திறந்திருப்பதை அப்பா ஒருநாளும் பொறுத்ததில்லை. மயக்கத்திலிருந்து கண் விழித்தவர், எதிரே எரிந்த விளக்குகளைக் கண்டார்.

"சாவிய மூடு. பெட்டரி எறங்கிரும்."

"வேல நடக்குதுப்பா. கொஞ்சம் பொறுங்க."

"ஒனக்கு என்னா தெரியும்? நீ பொஸ்தகம் ஓட்டுறவ."

"சும்மா இருண்ணே! ஒன் வண்டிய யாரும் தூக்கிட்டுப் போகல" என்று பொனட்டுக்குப் பின்னாலிருந்து சித்தப்பா கத்தினார்.

அப்பா சிரிக்கவில்லை. அவருடைய கை என் மடிக்கு மேலாகச் சாவியை நோக்கி நீண்டது. அதைப் பற்றிக்கொண்டேன். தொட்டுப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை; வளர்ந்த பிறகு நான் அவர் கையைப் பிடித்தது அதுவே முதல்முறை. அவர் இழுத்தார். உடலில் மிஞ்சியிருந்த பலம் முழுவதும் அந்தக் கைக்கு வந்திருந்தது. நான் விடவில்லை. கணினித் திரையில், நிரல் ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது.

"விடு" என்றார். அதில் கோபமில்லை, கெஞ்சல் இருந்தது. பிறகு இழுப்பு மெல்லத் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சிதான் என்னைப் பயமுறுத்தியது.

"முடிஞ்சிட்டு தங்கச்சி. இப்ப ஓஃப் பண்ணி, திரும்பப் போடுங்க."

நான் சாவியைத் தொடவில்லை. அப்பாவை என் தோளில் சாய்த்து, அவருடைய கையைச் சாவிவரை கொண்டுபோனேன். விரல்கள் தாமாகவே அதைப் பற்றித் திருப்பின. விளக்குகள் அணைந்தன. அப்பா ஒரு நீண்ட மூச்சு விட்டார்.

மறுபடி சாவியைத் திறந்தபோது, நான்கு சக்கர இயக்கத்தின் விளக்கு மின்னாமல் நிலையாக எரிந்தது. வண்டி ஏற்றத்தில் ஏறியது. அப்பா வீடு சேர்ந்தார். அந்த மழை ஓய்வதற்குள் போய்விட்டார்.

அவரை வீடு சேர்ப்பதற்காகவே அவர் கையைத் தடுத்தேன் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் "விடு" என்று அவர் கேட்டதற்கு அது இன்னும் பதிலாகவில்லை.