கேட்டால் போதும்

அன்று துக்க மணி ஒலிக்கவில்லை. சேரியில் இறப்பவர்க்கு எங்கள் கோயில் மணி ஒலிப்பதில்லை. ஆகையால் சவரியாயி அம்மாள் காலமான செய்தி கரும்பு வயல் வரப்பின் வழியே நடந்துதான் என்னிடம் வந்தது. கொண்டுவந்தவர் அவர்களுடைய அண்டை வீட்டுச் சின்னப்பன். "உபதேசியாரே, அக்கா பூட்டாங்க" என்றார்.

வில்லியனூர்ப் பக்கத்தில் எங்கள் கோயில் பங்கைச் சேராதவர்க்குச் சொல்கிறேன்: அம்மையார் இளமையிலே கணவரை இழந்தவர், நாற்று நட்டுப் பிழைத்தவர், எழுத்தறியாதவர். நானோ மேலத்தெருவில் பிறந்து, ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவன். இவ்வரிகளை எழுத நான் எவரிடமும் உத்தரவு பெறவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுக்காரரான எங்கள் சாமியார், "வேதத்தைப் பற்றி ஜனங்கள் விவாதிக்க வேண்டாம், கேட்டால் போதும்" என்று பிரசங்கித்தார். செவிகொடுத்தால் போதும் என்பது அவர் கருத்து. பூசை முடிந்ததும் அம்மையார் என் எதிரே வந்து நின்றார்கள்.

"கேட்டா போதும்னு சாமியே சொல்லிட்டாரு. வாங்க, கேப்போம்."

"எதைம்மா கேக்கறது?"

"நீங்க படிங்க. புரியாததை நான் கேக்கறேன்."

பிழையாகப் புரிந்துகொண்டார்களா, வேண்டுமென்றே பிழை செய்தார்களா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் பிற்பகலில் சேரிக் களத்துமேட்டில், இரு தெருவையும் சேர்ந்த நாங்கள் அறுவர் சுவிசேஷத்தைச் சுற்றி அமர்ந்தோம்.

என் தம்பி ஒருநாள் வண்டியை நிறுத்தி, "இன்னா அண்ணே, சேரி வைக்கோலு மெத்துனு இருக்குதா?" என்றான்.

"நீயும் வந்து குந்திப் பாரு தம்பி, தெரியும்" என்றார்கள் அம்மையார்.

நோயாளிகளுக்குப் பணிசெய்யக் கன்னியர் மடத்தில் சேரவேண்டும் என்பதே அவர்கள் ஆசை. "விதவை, அதிலும் சேரிப் பெண். உனக்குத் தேவ அழைத்தல் இல்லை" என்று சாமியார் திருப்பியனுப்பிவிட்டார். அந்த ஞாயிறு அம்மையார் எங்களிடம் அதையே கேட்டார்கள்.

"சாமி இல்லேங்கிறாரு. எனக்குக் காதுல வுழுவுதே. நீங்க இன்னா சொல்றீங்க?"

அழைத்தல் என்றால் அங்கி உடுத்துவது என்றே அதுநாள்வரை போதித்து வந்த நான் சுவிசேஷத்தைப் புரட்டினேன். ஆண்டவர் கடற்கரையில் மீனவரை அழைத்த பகுதியை மூன்று வாரம் திரும்பத் திரும்பப் படித்தோம். மூன்றாம் வாரம் சின்னப்பன் பட்டென்று சொன்னார்: "கூப்புட்டவரு, குருமாரைக் கேட்டுக்கினா கூப்புட்டாரு?"

அழைத்தல் உண்டு என்று அறுவரும் ஒருமனதாய்ச் சொன்னோம். அவ்வாண்டே வாந்திபேதி வந்தது. கஞ்சியும் உப்புநீரும் ஏந்தி அம்மையார் வீடுவீடாக ஏறினார்கள். தங்கள் குவளையைத் தொடவிடாத என் தெருவினர் அவர்கள் கையிலிருந்தே பருகிப் பிழைத்தார்கள். அங்கி இல்லாத அப்பணியைக் கடைசி மூச்சுவரை அவர்கள் விடவில்லை.

நேற்று அடக்கம். அவர்களைத் தூம்பா என்னும் சவமஞ்சத்தில் ஏற்றி, எஞ்சிய ஐவரும் தோள்கொடுத்தோம். சேரிப் பிரேதம் நுழையும் பக்கவாசலைக் கடந்து தலைவாசலுக்கே சென்றோம். கோயில் காரியம் பார்க்கும் கோயில்பிள்ளை கைகளை விரித்துக் குறுக்கே நின்றார்.

"யாரைக் கேட்டு இந்தப் பக்கம் வந்தீங்க?"

"அக்காவைக் கேட்டுத்தான்" என்றார் சின்னப்பன். "உம்ம பொஞ்சாதி பேதியில கெடந்தப்ப, அக்கா எந்த வாசலால உம்ம வூட்டுக்குள்ள வந்தாங்க?"

கோயில்பிள்ளையின் கைகள் தாழ்ந்தன. பழஞ்செய்யுள் பயின்றவன் நான். 'கேள்' என்ற சொல்லுக்கு உறவு என்றும் பொருள் உண்டு என்பதை ஏட்டில் படித்திருந்தேன். அதை என் தோள் அறிந்தது நேற்றுத்தான். மணி அப்போதும் ஒலிக்கவில்லை. நாங்கள் அதற்காக நிற்கவும் இல்லை.

அம்மா, போய் வாருங்கள். மோட்ச வாசலிலும் எவரேனும் உங்களை மறித்து, பக்கவாசலைக் காட்டினால், தலைகுனியாதீர்கள்.

கேளுங்கள்.