அண்ணனுக்குச் சொன்ன யோசனை

பட்டறையில் அவளைத் ‘தூசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். புருவம், காது மடல் எல்லாம் அலுமினியப் பொடி படிந்து, சாயங்காலம் வெளியே வரும்போது ஒரே நாளில் நரைத்துப்போனவள் மாதிரி இருப்பாள். பட்டறை அவளுடைய அண்ணனுடையது. பட்டறைப் பேரில் பந்தயத்தில் ஓடும் பைக் ஒன்றும் அவருக்கு உண்டு. பந்தய பைக்குகளின் என்ஜினுக்கு மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்குள் காற்றும் பெட்ரோலும் போகிற வழியைக் கடைந்து சீராக்குவதுதான் அங்கே பெரிய வேலை. கடைவது தங்கை. வந்தவர்களிடம் வாய் கிழியப் பேசுவது அண்ணன்.

ஒருநாள் அவள் இல்லாத நேரத்தில் அண்ணன் தானே ஒரு ஹெட்டில் கை வைத்தார். கட்டர் வழுக்கி, வால்வு உட்காரும் விளிம்பில் ஆழமாகக் கோடு இழுத்துவிட்டது. பைக்குக்காரர் வந்து கத்தியபோது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தங்கையைக் கை காட்டினார்.

“பொம்பளை கையில குடுத்தேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்.”

அவள் வாயைத் திறப்பதற்குள், “நாளைலேருந்து நீ வர வேண்டாம்” என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தாள். தையல் மெஷினில் குனிந்திருந்த கணவரிடம், “அவன் பைக்கு தோக்கணும். என் கண்ணு முன்னாடி தோக்கணும்” என்றாள்.

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “முதல்ல சாப்பிடு. அப்புறம் தோக்கடிக்கலாம்.”

குளியலறைக்கு வெளியே துணி துவைக்கிற இடம்தான் அவளுடைய பட்டறை ஆனது. முதலில் வாங்கிய கை கிரைண்டருக்கு ஒரே வேகம்தான், பேய் வேகம். மணிக்கட்டு உதறி, பழைய ஹெட் ஒன்று பாழானது. கணவர் காலால் மெதுவாக மிதித்து, மெஷினை ஒவ்வொரு தையலாக நகர்த்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. கால்மிதி உள்ள மோட்டார் ஒன்றைத் தேடி வாங்கினாள். மோட்டார் ஆணியில் தொங்கும். அதிலிருந்து வளைந்து வரும் தண்டின் நுனியைப் பேனா மாதிரி பிடித்துக்கொள்ளலாம். வேகம் முழுக்கக் காலில்.

கட்டரிலும் ஒருமுறை ஏமாந்தாள். வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் கிடைத்த பொடிப்பல் கட்டர் இரும்புக்கானது. அலுமினியம் அதன் பற்களில் அப்பிக்கொண்டு, கட்டர் வெறும் உருண்டையாகிவிட்டது. அலைந்து திரிந்து, பற்கள் அகலமாக, காம்பு நீளமாக உள்ள கட்டர்களை வாங்கினாள். அடிக்கடி மண்ணெண்ணெயில் தொட்டுக்கொண்டாள். கடைசி மெருகுக்கு உப்புத்தாளைச் சுருட்டித் தண்டின் நுனியில் செருகினாள்.

கட்டர் சத்தம் போடும்போதெல்லாம் அந்தச் செருப்புப் பேச்சு காதில் விழும். கோபத்தில் அழுத்தினால் கட்டர் துள்ளும். ஆத்திரம் நெஞ்சில் கொதிக்க, விரலை மட்டும் லேசாக வைத்துக்கொள்ளப் பழகினாள்.

கூரியர் வேலை பார்த்துக்கொண்டே பந்தயமும் ஓட்டும் ஒருவர் நம்பித் தன் பைக்கைக் கொடுத்தார். அடுத்த பந்தயத்தில் அந்த பைக், அண்ணனுடைய பைக்கை நேர் ரோட்டில் தாண்டிப் போனது. வேலி ஓரம் நின்ற தூசி கைதட்டவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது போதாது என்று தோன்றியது.

சில நாளில் அண்ணனே வீட்டுக்கு வந்தார். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

“என்ன மெஷின் வாங்கணும்னு சொல்லு. நானே கடைஞ்சுக்கறேன்.”

தூசி முகத்தைப் பால் மாதிரி வைத்துக்கொண்டாள். “இருக்கறதுலயே பெரிய கிரைண்டரா வாங்குண்ணா. முழு வேகத்துல விடு. வழிய எவ்வளவு அகலமா வெட்டறியோ அவ்வளவு காத்து போகும்.”

அண்ணன் தலையாட்டிவிட்டுப் போனார்.

கணவர் ஊசியைக் கீழே வைத்தார். “ஏம்மா, இது பாவமில்லையா?”

“ஒரு ஹெட்டாவது ஒழுங்கா கடைஞ்சவனா இருந்தா, நான் சொன்னதக் கேட்டு சிரிச்சிருப்பான். அவன் தலைய ஆட்டிட்டுப் போறான்.”

அண்ணன் தன் பந்தய பைக்கின் புது ஹெட்டையே எடுத்து வெட்டினார். சுவர் பொத்துப்போய், என்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் ஓடும் பாதை தெரிந்தது. ஹெட் குப்பைக்குத்தான். அந்த பைக்கை ஓட்டுகிறவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கை காட்ட ஆள் இல்லை. செய்தி கேட்டதும் தூசி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மனசு உறுத்துமா என்று காத்திருந்து பார்த்தாள். உறுத்தவில்லை. பசிதான் எடுத்தது.

அம்மா போனில் அழுதார். “கூடப் பொறந்தவன்டி அவன்!”

“அதனாலதாம்மா இதோட விட்டேன்.”

அண்ணன் இன்றுவரை பேசவில்லை. அவர் பட்டறையில் இப்போது ஆயில் மாற்றுகிறார்கள், செயின் போடுகிறார்கள். யாராவது ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், அங்கிருக்கும் ஆட்களே வாசலுக்கு வந்து தூசி வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புகிறார்கள்.