வெள்ளை பூக்காத பெஞ்சுகள்

இரவெல்லாம் மழை. காலை ஏழு நாற்பதுக்கு வெயில் ஏறியபோது, எங்கள் மயூர் விஹார் குடியிருப்புத் தோட்டத்தின் மூன்று பெஞ்சுகளும் வெளுத்திருந்தன. செங்கல் நிறத்தின் மேல் மாவு தூவியதுபோல உப்பு பூத்திருந்தது. மூன்றும் மக்னீசியம் சிமெண்டில் என் மகள் வார்த்தவை. அவள் சொந்தமாகச் செய்த முதல் வேலை.

சங்கச் செயலாளர் அம்மா நாகர்கோவில்காரர், ஓய்வு பெற்ற நர்ஸ். அதற்குள் அவர் உட்கார்ந்து எழுந்திருந்தார். நீலப் புடவையின் பின்பக்கமெல்லாம் வெள்ளை.

"சேலைக்குச் சுண்ணாம்பு அடிக்கதுக்கா சார் பெஞ்சு போட்டிய? அடுத்த மழைக்கும் இப்படின்னா எடுத்திருங்க. வேற ஆளப் பாத்துக்கிடுதோம்."

மகள் இறங்கி வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "அளவெல்லாம் கரெக்ட்தானேப்பா. ஈரம் எங்கேர்ந்து வந்துது?"

பெஞ்சுகளை மொட்டை மாடியில் வார்த்திருந்தாள். அவள் வேலைக்குப் போன பிறகு, பத்து நாளாகக் காலையும் மாலையும் வாளி நிறையத் தண்ணீர் கொண்டுபோய் நனைத்தது நான்தான். ஈரச் சாக்கு போட்டு மூடியும் வைத்தேன். கட்டடப் பிரிவில் வருடக்கணக்காகக் கோப்பு பார்த்தவன். சிமெண்ட் என்றால் தண்ணீர் விட வேண்டும், காயவிட்டால் வெடித்துவிடும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. நனைத்ததை அவளிடம் சொல்லிவிட்டேன்.

"பத்து நாளாவா? ஹே பகவான்! இது சாதா சிமெண்ட் இல்லப்பா. செட் ஆகறப்போ இதுக்குத் தண்ணிதான் எதிரி. உள்ள இருந்த உப்பை நீங்களே வெளில கூப்பிட்டிருக்கீங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாளி சேதி அன்று மாலைக்குள் எல்லா மாடிக்கும் ஏறிவிட்டது.

பழையவற்றை அகற்றி, மறுபடி வார்த்தாள். இந்தச் சிமெண்டைக் குழைக்கிற மக்னீசியம் குளோரைடு உப்புக் கரைசலில் மிதவைக் கருவியை விட்டு அடர்த்தி பார்த்தாள். மிஞ்சுகிற உப்புதான் பூக்கும் என்று ஒரு சிட்டிகைகூடக் கூட்டவில்லை. கலவை ஈரத்தைத் தாங்க அனல்மின் நிலையச் சாம்பலும் துளி பாஸ்பாரிக் அமிலமும் சேர்த்தாள். பிறகு, மேலே தார்ப்பாய் கட்டி இரண்டு வாரம் உலரவிட்டாள்.

"உங்க டியூட்டி ஒண்ணுதான்பா. பக்கெட்டைத் தொடக் கூடாது."

தொடவில்லை. மேகம் கறுத்தபோதெல்லாம் ஓடிப்போய்த் தார்ப்பாயின் முடிச்சை இறுக்கினேன். நன்றாகக் காய்ந்ததும், நீர் புகாத பூச்சை எல்லாப் பக்கமும் அடித்தோம்.

"அடிப்பக்கம் யார் பார்க்கப் போறா?" என்றேன்.

"மண்ணோட ஈரம் அங்கேர்ந்துதானே ஏறும்!"

அடிப்பக்கத்தை நானே படுத்துக்கொண்டு இரண்டு முறை அடித்தேன்.

பெஞ்சுகளைத் தோட்டத்தில் போட்ட அதே வாரம் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் நல்ல வெயில். ஓடினேன். மூன்றும் அதே செங்கல் நிறம். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தேன். கையில் ஒன்றுமே இல்லை. தோட்டத்தின் நடுவே நின்று, வயதை மறந்து, மகளைக் கூவி அழைத்தேன். அவள் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். ஆனாலும் அந்த அம்மா வரும்வரை பெஞ்சுகளைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வந்தார், அதே நீலப் புடவையில். நடு பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து, வேண்டுமென்றே வெகுநேரம் உட்கார்ந்தார். எழுந்து, முந்தானையை ஒதுக்கி, என் மகளுக்கு முதுகைக் காட்டினார். பிறகு தானே புடவையை இழுத்துப் பார்த்தார்.

"ஒரு பொட்டு வெள்ளை இல்ல, கேட்டியா! வாசல் கேட்டுப் பக்கத்துலயும் ரெண்டு போடு மக்ளே. ஒங்க அப்பா கையில மட்டும் வாளியக் குடுத்திராத."